பட்டப்பகலில் அரிக்கேன் விளக்கு: திரைப்படப் பிரதி எடுத்த இயந்திரத்தின் வரலாறு



படிவம் நான்கு வகுப்பில் ஒருநாள் பழைய கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம் ஒன்றிலிருந்து ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினேன். கதாநாயகி கையில் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, பயந்து பயந்து தோட்டத்துக்குள் நடக்கிறாள். பின்னணியில் ஆந்தை அலறுகிறது. ஆனால் திரையில் வெயில் கொளுத்துகிறது. மரத்தின் நிழல் தரையில் பளிச்சென்று விழுந்து கிடக்கிறது. பின்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "பட்டப்பகல்ல எதுக்கு டீச்சர் விளக்கு?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். படம் எடுத்தவர்களுக்கு அவ்வளவுகூடத் தெரியாதா என்று அந்த நேரத்தில் எனக்கும் தோன்றியது. வீட்டுக்குப் போய் யோசித்த பிறகுதான் புரிந்தது, தப்பு படம் எடுத்தவர்கள் மீது இல்லை. அந்தக் காட்சியைப் பகலில் எடுத்து, இரவாக மாற்றும் வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அவர் வேலை பார்த்தது படப்பிடிப்புத் தளத்தில் இல்லை. இருட்டறையில், ஓர் இயந்திரத்தின் பக்கத்தில். அந்த இயந்திரத்தின் பெயர் பிரிண்டர். நம் பள்ளி அலுவலகத்தில் தாள் மாட்டிக்கொண்டு அழும் பிரிண்டர் அல்ல, திரைப்படச் சுருளைப் பிரதி எடுக்கும் பிரிண்டர்.

வரலாறு படிக்கும் மாணவர்கள் இந்த இயந்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பழைய படத்தை நாம் முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கால உடை, வீடு, தெரு, பேச்சு எல்லாவற்றுக்கும் அதைக் காட்டுகிறோம். ஆனால் நம் கண்ணில் படுவது படம் அல்ல, படத்தின் ஒரு பிரதி. அந்தப் பிரதியை எடுத்தவர் கை அதில் இருக்கிறது.

தமிழாசிரியர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. ஓலைச்சுவடியைப் பார்த்து ஓலைச்சுவடி எழுதினார்கள். எழுதியவர் கண் அசந்த இடத்தில் ஓர் எழுத்து மாறியது, ஒரு வரி விழுந்தது. அதனால்தான் உ.வே. சாமிநாதையர் ஒரே நூலுக்குப் பல சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். பாடபேதம் என்று நாம் சொல்வது அதைத்தான். திரைப்படத்துக்கும் பாடபேதம் உண்டு.

முதலில் அடிப்படை. கேமராவுக்குள் ஓடுவது நெகட்டிவ். அதில் வெள்ளைச் சட்டை கறுப்பாகவும் கறுத்த தலைமுடி வெளுப்பாகவும் இருக்கும். அதைத் திரையில் ஓட்ட முடியாது. ஆகவே நெகட்டிவையும் ஒளிபடாத புதுச் சுருள் ஒன்றையும் முகத்தோடு முகம் ஒட்டவைத்து, நெகட்டிவ் வழியாக ஒளியைப் பாய்ச்ச வேண்டும். பிறகு அந்தப் புதுச் சுருளை ரசாயனத்தில் கழுவினால் பாசிட்டிவ் கிடைக்கும். கொட்டகைக்குப் போகும் 'பிரிண்டு' அதுதான்.

தொடக்கத்தில் இதற்குத் தனி இயந்திரம்கூட இல்லை. 1895இல் பிரான்சின் லூமியேர் சகோதரர்கள் உருவாக்கிய சினிமாட்டோகிராஃப் பெட்டி மூன்று வேலையையும் ஒன்றாகச் செய்தது. படம் பிடித்தது, பிரதி எடுத்தது, திரையில் காட்டியது. பிரதி எடுக்கும்போது நெகட்டிவையும் புதுச் சுருளையும் சேர்த்து உள்ளே மாட்டி, வெயில் படும் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பெட்டியை வைத்துக் கைப்பிடியைச் சுற்றுவார்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளிதான் விளக்கு. மேகம் மறைத்தால் பிரதியும் மாறும்.

படத்தொழில் வளர்ந்ததும் பெட்டி பிரிந்தது. கேமரா தனி, பிரிண்டர் தனி, புரொஜெக்டர் தனி.

நம் தமிழ்ச் சினிமா வரலாற்றிலும் பிரிண்டர் முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான கீசகவதத்தை எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். அவர் தஞ்சைப் பகுதி நிலக்கிழார் ஒருவரிடமிருந்து 1,800 ரூபாய் கொடுத்து வாங்கியது வில்லியம்சன் கேமராவை மட்டுமல்ல. அதோடு பிரிண்டர் ஒன்றையும் வாங்கினார். கேமரா மட்டும் இருந்தால் படம் வராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. படப்பிடிப்பு சென்னைப் புரசைவாக்கத்தில். ஆனால் சுருளைக் கழுவும் கூடத்தை அவர் பெங்களூரில் வைத்தார். காரணம் வெப்பம். சுருளின் மேல்பூச்சு ஜெலட்டின். சென்னை வெயிலில் கழுவுநீர் சூடேறினால் பூச்சு இளகிவிடும். ஆகவே வார இறுதியில் பெங்களூர் போவது, கழுவுவது, திரும்பி வந்து மறுபடியும் படப்பிடிப்பு. 1910களின் பிற்பகுதியில் இது லேசுப்பட்ட அலைச்சல் இல்லை.

அந்தப் படம் இந்தியாவோடு நிற்கவில்லை. பர்மாவுக்கும் இலங்கைக்கும் போனது. மலாய்க் கூட்டு மாநிலங்களுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. அதாவது நம் தாத்தாவின் அப்பா காலத்தில், இந்த மண்ணில் அந்தச் சுருள் ஓடியிருக்கிறது. இன்று உலகத்தில் எங்குமே அதன் பிரதி ஒன்றுகூட இல்லை.

ஓட்டுபவர் என்ன செய்தார்?

இனி இயந்திரத்தின் அருகே போவோம். நான் விளக்கப்போவது தொடர் ஓட்டப் பிரிண்டர். இதற்கு வழிகாட்டியது சிகாகோவில் 1907இல் தொடங்கிய பெல் அண்டு ஹாவல் நிறுவனம். அதற்கு முன்பு ஆளுக்கொரு அளவில் துளையிட்டுச் சுருள் தயாரித்தார்கள். அதனால் திரையில் படம் குதித்தது. துளையிடும் இயந்திரம், கேமரா, பிரிண்டர் மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்ததுதான் அந்த நிறுவனத்தின் பெரிய சாதனை. 1911இல் வந்த அவர்களின் பிரிண்டர் வடிவம் பல பத்தாண்டுகளுக்கு உலக லேப்களில் ஓடியது. 1960களில் வண்ணத்துக்கென்று வந்த அடுத்த வடிவமும் அதே அடிப்படையில் அமைந்ததுதான்.

ஒரு நுணுக்கத்தை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். பல்சக்கரத்தின் மீது நெகட்டிவ் உள்பக்கமாகவும் புதுச் சுருள் வெளிப்பக்கமாகவும் சேர்ந்து வளைந்து ஓடுகின்றன. பள்ளி விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்துக்கு வெளித்தடத்தில் நிற்பவரை ஏன் முன்னால் நிறுத்துகிறோம்? வெளிவளைவு நீளம் அதிகம் என்பதால்தானே! இங்கும் அதே கணக்கு. இரண்டு சுருளிலும் துளைகளின் இடைவெளி ஒன்றாகவே இருந்தால், வளைவில் ஒன்று மற்றொன்றின் மேல் வழுக்கும், படம் மங்கும். ஆகவே நெகட்டிவின் துளை இடைவெளி 4.740 மில்லிமீட்டர், பிரதிச் சுருளின் துளை இடைவெளி 4.750 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கணித ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள், மகிழ்ந்துபோவார்.

வேலை தொடங்குவது சுத்தம் பண்ணுவதில். நெகட்டிவில் ஒட்டிய ஒரு தூசு பிரதியில் வெள்ளைப் புள்ளியாக விழும். 16 ஃபிரேம் சேர்ந்தால் ஓரடி. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும்போது 1,000 அடிச் சுருள் ஒன்று சுமார் 11 நிமிடம். இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. அத்தனை அடியும் கண்ணுக்கும் விரலுக்கும் அடியில் போய் வர வேண்டும்.

அறை இருட்டு. கறுப்பு வெள்ளைப் பிரதிச் சுருளுக்குச் சிவப்பு விளக்கு தாங்கும். வண்ணப் பிரதிச் சுருளுக்கு மங்கலான சோடியம் விளக்கின் மஞ்சள் மட்டும், அதுவும் குறைந்த அளவில். அந்த ஒரு நிறத்துக்குச் சுருளின் கூருணர்வு குறைவு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குக் கண் பழக நேரமாகும். பழகியவருக்குக் கண்ணே வேண்டாம், விரல் போதும். நெகட்டிவை ஒரு பக்கம் மாட்டி, புதுச் சுருளை மறுபக்கம் மாட்டி, இரண்டின் பூச்சுப் பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும்படி பல்சக்கரத்தில் கோத்து, தொடக்கக் குறியைச் சரியான பல்லில் நிறுத்த வேண்டும்.

அந்தக் குறி ஏன் முக்கியம்? படம் ஒரு நெகட்டிவில், ஒலி இன்னொரு நெகட்டிவில் இருக்கும். இரண்டும் ஒரே பிரதியில் வந்து சேர வேண்டும். புரொஜெக்டரில் ஒலியைப் படிக்கும் இடம் படத்தைக் காட்டும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால், 35 மில்லிமீட்டர் சுருளில் ஒலி சுமார் 20 ஃபிரேம் முன்னால் பதிவாகிறது. குறி தவறினால் வாய் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம்.

இந்தப் பிரிவினையால் நம் நாட்டுக்கு ஒரு நன்மை கிடைத்தது. 1946இல் தொடங்கிய மலாயன் ஃபிலிம் யூனிட் தன் செய்திப் படங்களை மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் வெளியிட்டது. அவசரகாலத்தின்போது வேனில் புரொஜெக்டரை ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் போய்க் காட்டினார்கள். படம் ஒன்றே, ஒலி மட்டும் வேறு. பிரிண்டரில் எந்த ஒலி நெகட்டிவை மாட்டுகிறார்களோ அந்த மொழிப் பிரதி வரும். தோட்டத்துத் திடலில் பாயை விரித்து உட்கார்ந்து தமிழில் கேட்டவர்களுக்கும், புதுக்கிராமத்தில் சீனத்தில் கேட்டவர்களுக்கும் ஒரே முகங்கள்தான் தெரிந்தன. அவசரகாலப் பாடத்தை நடத்தும் வரலாற்று ஆசிரியர்கள் இதைச் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இப்போது ஒளிக்கு வருவோம், அரிக்கேன் விளக்குக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

ஒரு படம் நூற்றுக்கணக்கான ஷாட்டுகளால் ஆனது. ஒன்று காலையில் எடுத்தது, அடுத்தது மாலையில், மூன்றாவது வேறு நாளில். நெகட்டிவின் அடர்த்தி ஷாட்டுக்கு ஷாட்டு மாறும். அப்படியே ஒரே ஒளியில் பிரதி எடுத்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே கதாநாயகனின் முகம் கறுக்கும், வெளுக்கும். ஆகவே ஒவ்வொரு ஷாட்டுக்கும் எவ்வளவு ஒளி என்று கிரேடர் என்பவர் முடிவு செய்து அட்டையில் எண் எழுதுவார். அந்த எண்படி ஒளியை மாற்றுவது பிரிண்டரை ஓட்டுபவரின் பொறுப்பு. ஷாட்டு மாறும் இடத்தில் நெகட்டிவின் ஓரத்தில் சின்ன வெட்டு ஒன்று இருக்கும். அது ஓடிவந்து நெம்புகோலைத் தட்டியதும் ஒளி மாறும். பழைய இயந்திரத்தில், ஒரு ஷாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஷாட்டின் எண்ணைக் கையால் தயாராக வைத்திருக்க வேண்டும். சின்னச் சின்ன ஷாட்டுகளாக வரும் சண்டைக் காட்சி என்றால் பாவம் அந்த மனிதர்! பிற்காலத்தில் துளையிட்ட காகித நாடா அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. ஆனால் நாடாவிலும் ஆபத்து உண்டு. ஒரு வெட்டைத் தவறவிட்டால் அதற்குப் பின்வரும் அத்தனை ஷாட்டுகளும் முந்தின ஷாட்டின் ஒளியை வாங்கிக்கொள்ளும். தேர்வில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு விடைத்தாளில் வரிசையாகக் கறுப்பாக்கிக்கொண்டே போன மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள், அதே கதை.

வண்ணப் படத்தில் எண் ஒன்றல்ல, மூன்று. விளக்கின் ஒளியைச் சிறப்புக் கண்ணாடிகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரிக்கும். ஒவ்வொன்றின் வழியிலும் ஒரு சின்னக் கதவு. அது எவ்வளவு திறக்க வேண்டும் என்பதற்கு 50 வரை அளவு. 25-25-25 என்பது நடுநிலை. ஒரு புள்ளி கூட்டினால் ஒளி சுமார் 6 விழுக்காடு கூடும். 12 புள்ளி கூட்டினால் இரட்டிப்பாகும். கைதேர்ந்த கிரேடருக்கு ஒரு புள்ளி வித்தியாசமே கண்ணில் படும்.

இங்கே மாணவர்கள் குழம்பும் ஓர் இடம். ஒளியைக் கூட்டினால் திரையில் படம் வெளுக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை, கறுக்கும். பிரதிச் சுருளில் எவ்வளவு ஒளி படுகிறதோ அவ்வளவு அது அடர்த்தியாகும். சிவப்பு ஒளியைக் கூட்டினால் படத்தில் சிவப்பு குறையும். எல்லாமே தலைகீழ். வெயிலில் எடுத்த தோட்டக் காட்சியை இரவாக்க வேண்டுமா? ஒளி எண்ணை ஏற்று. வானம் இருண்டு, நிழல்கள் கரைந்து, விளக்கின் சுடர் மட்டும் தெரியும் அளவுக்குப் பிரதி கறுத்துவிடும். இரவில் பெரிய விளக்குகளை வைத்துப் படமெடுக்கச் செலவு அதிகம் என்பதால் உலகம் முழுவதும் படக்குழுக்கள் இப்படிச் செய்தன. ஒளிப்பதிவாளர் பாதி இரவைக் கேமராவில் செய்தார், மீதி இரவைப் பிரிண்டரில் செய்தார்கள்.

ஆகவே, நெகட்டிவில் அந்தக் காட்சி பாதிப் பகலாகவே இருக்கிறது. அது இரவு என்று சொல்வது கிரேடரின் அட்டை மட்டும்தான்.

எத்தனை பிரிண்டு?

ஒரு படத்தின் செல்வாக்கைத் தமிழ்நாட்டில் 'எத்தனை பிரிண்டு போட்டாங்க' என்று கேட்டு அளந்த காலம் உண்டு. 100 பிரதி என்றால் மேலே சொன்ன கணக்குப்படி 1.35 மில்லியன் அடி, அதாவது 411 கிலோமீட்டர். கோலாலம்பூரில் ஒரு முனையைக் கட்டிவிட்டு இழுத்துக்கொண்டே போனால் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தும் மிச்சம் இருக்கும். இத்தனையையும் ஒரே நெகட்டிவிலிருந்து எடுத்தால் அது என்ன ஆகும்? ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கீறல், கொஞ்சம் கிழிசல். இதைத் தவிர்க்கத்தான் மூல நெகட்டிவிலிருந்து ஓர் இடைப்பிரதியும், அதிலிருந்து மாற்று நெகட்டிவும் எடுத்து, அந்த மாற்றிலிருந்து கொட்டகைப் பிரதிகளைப் போடும் முறை வந்தது. செலவுக்குப் பயந்து பல இந்தியப் படங்களுக்கு அதைச் செய்யவில்லை. ஓடி ஓடி நன்றாகச் சம்பாதித்த படத்தின் நெகட்டிவ்தான் அதிகம் தேய்ந்தது. வெற்றிக்குக் கொடுத்த விலை.

கீறலை மறைக்கவும் பிரிண்டரில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒளி பாயும் இடத்தில் நெகட்டிவை ஒரு திரவத்தில் நனைத்து ஓட்டுவது. சுருளின் பிளாஸ்டிக்கும் அந்தத் திரவமும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவு வளைப்பதால், கீறலுக்குள் திரவம் புகுந்துகொள்ளும், கீறல் கண்ணுக்குத் தெரியாது. சொட்டை விழுந்த கண்ணாடிக் குவளையைத் தண்ணீருக்குள் வைத்தால் சொட்டை மங்கிப்போவது போல. ஆனால் அதற்குப் பயன்பட்ட பெர்குளோரோஎத்திலீன் உலர்சலவைக் கடையில் பயன்படும் அதே ரசாயனம், உடம்புக்கு நல்லதல்ல. லேப் தொழிலாளர் மூச்சில் என்னென்ன போயிற்று என்பதைத் திரையில் யாரும் பார்க்கவில்லை.

அதற்கும் முந்தைய காலத்தில் ஆபத்து இன்னும் அதிகம். 1950களின் தொடக்கம் வரை 35 மில்லிமீட்டர் சுருள்கள் பெரும்பாலும் நைட்ரேட். அது தீப்பிடித்தால் எரிவதற்கான ஆக்சிஜனைத் தனக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். அப்படிப்பட்ட பொருளைச் சூடான விளக்குக்கு முன்னால் நாள் முழுக்க ஓட்டினார்கள்.

பிரதி என்பது அன்றைய மக்களுக்கு எப்படிப்பட்ட பொருளாக இருந்தது தெரியுமா? முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் 1931இல் பம்பாயில் தயாரானது. படச்சுருள் இருந்த பெட்டி சென்னை ரயில் நிலையத்துக்கு வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். வால்டாக்ஸ் சாலை நெடுகப் பெட்டியின் பின்னால் நடந்து, பூத்தூவி, தேங்காய் உடைத்து, ஊதுபத்தி கொளுத்தினார்கள். சாமி புறப்பாடு மாதிரி ஒரு பெட்டிக்கு! அந்தப் பெட்டிக்குள் இருந்த பிரதியும் இன்று இல்லை, வேறு பிரதியும் இல்லை. காளிதாஸ் பற்றி நாம் படிப்பதெல்லாம் பத்திரிகைச் செய்தி, பாட்டுப் புத்தகம், நினைவுக் குறிப்பு. எல்லாமே படத்தைச் சுற்றியுள்ள சான்றுகள். படம் இல்லை.

ஏன் அழிந்தன? சில எரிந்தன. சில வெள்ளிக்காக உருக்கப்பட்டன. கறுப்பு வெள்ளைச் சுருளில் உருவத்தைத் தாங்குவது வெள்ளி. நைட்ரேட்டுக்குப் பதிலாக வந்த அசிட்டேட் சுருள் பத்திரமானது என்றார்கள். அதுவும் வெப்பத்திலும் ஈரத்திலும் காடி நாற்றம் அடித்துச் சுருங்கிப்போகும். இந்தச் சிக்கல் 1950களில் முதன்முதலில் தெரியவந்ததே இந்திய அரசின் சுருள்களில்தான் என்பதைக் கவனியுங்கள். நம்முடைய தட்பவெப்பம் சுருளுக்கு எதிரி. வண்ணப் பிரதிகளின் கதை வேறு. நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிப் படம் முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். 1980களில் மங்காத வகைச் சுருள் வரும்வரை எடுத்த பிரதிகள் பலவும் இப்படித்தான் சிவந்துபோய்க் கிடக்கின்றன.

நம் பக்கத்திலும் அதே இழப்பு. 1957இல் கேத்தே-கெரிஸ் நிறுவனத்துக்காக, இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்கிய 'பொந்தியானாக்' சிங்கப்பூரில் பெரும் கூட்டத்தை இழுத்தது. அந்தப் படம் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. அதே நிறுவனத்தின் எஞ்சிய மலாய்ப் படங்கள் 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. பிழைத்தவை மரபுச் செல்வம் ஆயின. பிழைக்காதது வெறும் பெயராக நிற்கிறது.

பிழைப்பதும் சில நேரம் விநோதமான வழியில் நடக்கிறது. நாகர்கோவில்காரரான ஆர். சுந்தர் ராஜ் 1933இல் மார்த்தாண்ட வர்மா என்ற மௌனப் படத்தைத் தயாரித்தார். மூல நாவலின் பதிப்பாளர் வழக்குப் போட, பிரதி பறிமுதல் ஆனது. படம் ஓடவில்லை, தயாரிப்பாளருக்குப் பெருநட்டம். ஆனால் ஓடாததால் தேயவில்லை, தொலையவில்லை. பதிப்பகத்தில் கிடந்த அந்தப் பிரதி 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தென்னிந்திய மௌனப் படங்களில் மிகச் சிலவே இன்று நம் கையில் உள்ளன. அவற்றில் ஒன்றைக் காப்பாற்றிக் கொடுத்தது ஒரு காப்புரிமை வழக்கு!

சுருளின் ஓரம் பேசும்

தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், சான்று மதிப்பீட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு. கோடாக் நிறுவனம் தன் சுருளின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற சிறு குறிகளை அச்சிட்டு, அது எந்த ஆண்டில் தயாரான சுருள் என்பதைக் காட்டியது. தொடக்கத்தில் இந்தக் குறிகள் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வந்தன. 1936க்கு என்ன குறியோ 1956க்கும் அதே குறி. பிரிண்டரின் ஒளி ஓரம்வரை விழுந்தால் நெகட்டிவின் குறியும் பிரதியில் பதிந்துவிடும். அப்போது ஒரே சுருளில் இரண்டு குறிகள் தெரியும். ஒன்று நெகட்டிவுக்குரியது, மற்றொன்று பிரதிக்குரியது. முதலாவது படம் எடுத்த காலத்தை ஒட்டியது. இரண்டாவது பிரதி போட்ட காலத்தை ஒட்டியது. இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் இருக்கலாம். இந்த வேறுபாடு தெரியாமல் ஒரே குறியைப் பார்த்துவிட்டு 'இந்தப் படம் இந்த ஆண்டு' என்று எழுதினால் 20 ஆண்டுகூடத் தவறிப்போகலாம். கல்வெட்டில் எழுத்தின் வடிவத்தையும், அது சொல்லும் அரசனின் பெயரையும் தனித்தனியாகச் சோதிக்கிறோம் அல்லவா, அதுபோலத்தான்.

இப்போது இந்த இயந்திரங்கள் ஏறக்குறைய நின்றுவிட்டன. கொட்டகைகள் டிஜிட்டலுக்கு மாறியதும் பிரதி போடும் தேவை போயிற்று. ஃபியூஜி நிறுவனம் 2013இல் திரைப்படச் சுருள் தயாரிப்பை நிறுத்தியது. சென்னையில் இரவும் பகலும் ஓடிய லேப்கள் மூடப்பட்டன. பழைய இயந்திரம் இரும்பு விலைக்குப் போயிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அதோடு கிரேடரின் அட்டைகளும் துளையிட்ட நாடாக்களும் குப்பைக்குப் போனதுதான் வருத்தம். இன்று ஒரு பழைய நெகட்டிவை ஸ்கேன் செய்பவருக்கு ஓரத்து வெட்டுகள் தெரியும். எந்த இடத்தில் ஒளி மாறியது என்று சொல்லிவிடுவார். எவ்வளவு மாறியது என்பது வெட்டில் இல்லை, அட்டையில்தான் இருந்தது. அட்டை இல்லாவிட்டால் அந்தக் காலத்துக் கொட்டகைப் பிரதி ஒன்று கிடைத்து, அதை வைத்து ஒப்பிட வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் ஊகம்தான்.

எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நினைப்பவர் கையில் அந்த நெகட்டிவ் கிடைத்தால், இருட்டையும் தெளிவாக்கிவிடுவார்.

சில வாரங்கள் கழித்து அதே காட்சியை இரண்டு வெவ்வேறு பதிப்புகளில் தேடி எடுத்து வகுப்பில் அடுத்தடுத்துப் போட்டேன். ஒன்று நாங்கள் முன்பு பார்த்த பளிச்சென்ற பதிப்பு. மற்றொன்று கீறலும் புள்ளியும் நிறைந்தது, பழைய பிரதி ஒன்றிலிருந்து எடுத்தது போலிருந்தது. அதில் தோட்டம் இருட்டாகக் கிடந்தது. அவள் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. விளக்கு மட்டும் மெல்ல நகர்ந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முன்பு கேள்வி கேட்ட அதே மாணவி சொன்னாள்: "இதுல பயமா இருக்கு டீச்சர்." பிறகு, "அப்போ அந்த இன்னொன்னுல யார் லைட்டைக் குறைச்சது?" என்று கேட்டாள்.

ஒளியைக் 'குறைத்தது' என்று அவள் சரியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.